துடைத்துத் துடைத்தே தேய்ந்த பளபளப்பு

புது வண்டி வீட்டுக்கு வந்த மூன்றாவது மாதம், ஒரு நாள் இரவு பெட்ரோல் பங்கில் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அதை முதன்முதலாகக் கவனித்தேன். மேலே எரிந்துகொண்டிருந்த எல்.இ.டி. விளக்கின் வெளிச்சம் பானெட்டின் மேல் விழுந்த இடத்தில், அதன் பிம்பத்தைச் சுற்றி, சிலந்தி வலை பின்னியதுபோல நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் வட்ட வட்டமாகத் தெரிந்தன. கையால் தடவிப் பார்த்தேன். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. குடியிருப்பின் கீழ்த்தளத்து நிழலில் பளிங்குபோல இருக்கும் அதே கருநீல நிறம், அந்த ஒற்றை விளக்கின் கீழே, சாம்பல் போட்டுத் தேய்த்த எவர்சில்வர் தட்டைப்போல இருந்தது. வண்டி எங்கும் இடிபடவில்லை. யாரும் சாவியால் கோடு போடவில்லை. வெயிலில் நிறுத்தியதும் குறைவு. நாள் தவறாமல் காலையில் துடைக்கச் சொல்லியிருந்தேன், அவ்வளவுதான். அந்தத் துடைப்புதான் காரணம் என்பது பிடிபட எனக்கு இன்னும் சில வாரங்கள் ஆயின.

வண்டிக்கு இப்போது பதினாறு மாதம் ஆகிறது. அண்மையில் புது வண்டி எடுத்த நண்பர்கள் சிலர், ஷோரூமில் நீட்டிய கூடுதல் பூச்சுகளின் பட்டியலைப் படம் எடுத்து அனுப்பி, இதில் எதைச் செய்துகொள்ளலாம் என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. நான் இந்தத் தொழிலைச் சேர்ந்தவன் அல்லன்; கணக்கு எழுதிப் பிழைப்பவன். தவறு செய்து கற்றதையும், அதன் பிறகு விவரம் தெரிந்தவர்களைக் கேட்டும் படித்தும் அறிந்ததையும் மட்டுமே இங்கே சொல்கிறேன்.

துடைக்கும் பழக்கம் எனக்குப் பெரியப்பாவிடமிருந்து வந்தது. அவர் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு கறுப்பு அம்பாசடரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை வாசலில் நிறுத்தி, பாலிஷ் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பழைய பனியன் துணியால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் தேய்ப்பார். தேய்க்கத் தேய்க்கத் துணி கறுத்துக்கொண்டே வரும். "பாத்தியால, அழுக்கு பூராவும் வந்துட்டு" என்று அதை என்னிடம் விரித்துக் காட்டுவார். அந்தக் கறுப்பில் பாதிக்கு மேல் அழுக்கல்ல, வண்டியின் பெயிண்ட்தான் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல் தெரியவந்தது. அக்காலத்து வண்டிகளுக்கு நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருந்தன. வெயிலில் வெளுத்துப்போன மேற்பரப்பைப் பாலிஷ் போட்டுத் தேய்த்து எடுத்தால், அடியிலிருந்து வெளுக்காத நிறம் மேலே வரும். தேய்ப்பதால் வண்டி புதிதாவது கண்ணுக்குத் தெரிந்த உண்மை. பெரியப்பா செய்தது அந்த வண்டிக்குச் சரியானது. அதை அப்படியே இந்த வண்டிக்கும் கொண்டுவந்தது என் பிழை.

இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றின் பூச்சு வேறு விதமானது. இரும்புத் தகட்டின் மேல் முதலில் பாஸ்பேட் பூச்சு. பிறகு முழு உடலையும் தொட்டியில் அமிழ்த்தி, மின்சாரம் பாய்ச்சி ஏற்றும் துருத்தடுப்புப் பூச்சு. அதன் மேல் பிரைமர். அதன் மேல் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். இத்தனை அடுக்கும் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் வரைதான் தேறும். சிறிய கார்களில் 100க்கும் கீழே வருவதுண்டு. மனிதத் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால், கிளியர் கோட்டின் பங்கு அதில் பாதியிலிருந்து முக்கால்வாசிக்குள்தான், 35 முதல் 50 மைக்ரான். பளபளப்பு முழுவதும் ஒரு முடிக்கும் குறைவான இந்தத் தடிமனில்தான் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரை உறிஞ்சி நிறத்தைக் காக்கும் வேதிப்பொருளும் இதற்குள்தான் இருக்கிறது. இதைத் தேய்த்தால் அடியிலிருந்து புதிதாக எதுவும் மேலே வராது, இருப்பது குறையும்.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "போனால் போகிறது, திரும்பப் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தொழிற்சாலையில், வண்டிக்குள் ஒயரும் பிளாஸ்டிக்கும் ஏறுவதற்கு முன்பே, வெறும் தகட்டுக் கூடாக இருக்கும்போது கிளியர் கோட்டை ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸில் சுட்டு இறுக்குகிறார்கள். பழுதுபார்க்கும் பட்டறையில் முழு வண்டியை அந்தச் சூட்டில் வைக்க முடியாது. அங்கே 60 டிகிரியோடு நிறுத்திக்கொண்டு, மீதி இறுகலை வேதிப்பொருளிடம் விட்டுவிடுகிறார்கள். திறமையான கையில் நிறம் அச்சாகப் பொருந்தலாம். ஆனால், தொழிற்சாலையில் தொட்டியில் அமிழ்த்திச் சுட்ட அடுக்குகளை எந்தப் பட்டறையும் திரும்பத் தர முடியாது.

இப்போது காலைத் துடைப்புக்கு வருகிறேன். எங்கள் குடியிருப்பில் இருபத்தெட்டுக் கார்கள். அவற்றைத் துடைப்பவர் அறுபது வயதைத் தாண்டிய பெரியவர். நாங்கள் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுகிறோம். விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்குள் இருபத்தெட்டையும் முடித்தாக வேண்டும். ஒரு நாள் நானும் சீக்கிரம் எழுந்து, காபி டம்ளரோடு கீழே போய் நின்று பார்த்தேன். ஒரே வாளி, ஒரே துணி. முதல் வண்டியைத் துடைத்து, துணியை வாளியில் முக்கிப் பிழிந்து, அடுத்த வண்டி. என் வண்டி வரிசையில் பதினோராவது. அது முடிந்ததும் வாளியைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டச் சொன்னேன். தண்ணீர் கலங்கலாக இருந்ததில் வியப்பில்லை. அடியில் அரை விரற்கடை உயரத்துக்கு நைஸ் மணல் படிந்திருந்தது. எங்கள் சாலையில் ஓராண்டாகத் தோண்டுவதும் மூடுவதுமாக இருப்பதால் வண்டிகளின் மேல் தினமும் இறங்கும் புழுதி அது. பத்து வண்டிகளின் மணலை வாளியில் சேர்த்து, அதில் நனைத்த துணியால் பதினோராவது வண்டியைத் தேய்த்தால், அது உப்புத்தாள் போடுவதற்குச் சமம். மணலில் உள்ள குவார்ட்ஸ், கிளியர் கோட்டைவிட மட்டுமல்ல, கண்ணாடியைவிடவும் கடினமானது.

இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வண்டிக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்து, மூன்று மணி நேரத்தில் இருபத்தெட்டை முடிக்கச் சொல்பவர்கள் நாங்கள். ஒரு நாள் துடைக்காவிட்டால் வாட்ச்மேனிடம் புகார் சொல்பவர்களும் நாங்களே. நான் அவரிடம், இனிமேல் என் வண்டியைத் தினமும் துடைக்க வேண்டாம், வாரம் ஒரு முறை கழுவினால் போதும், சம்பளம் அதேதான் என்று சொன்னபோது, வேலையை விட்டு நிறுத்துவதற்கான பூர்வாங்கம் என்றே அவர் எடுத்துக்கொண்டார். நம்ப வைக்க இரண்டு மாதச் சம்பளத்தை முன்கூட்டியே கொடுக்க வேண்டியிருந்தது.

இப்போது கழுவும் முறை இதுதான். வண்டியும் பானெட்டும் ஆறியிருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டியைக் கழுவுவதில்லை. முதலில் எதையும் தொடாமல் தண்ணீரை மட்டும் மேலிருந்து கீழாகப் பீய்ச்சி, புழுதியைத் தண்ணீரே இறக்கிக்கொண்டு போகும்படி விடுகிறோம். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. பிறகு இரண்டு வாளிகள்: ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றொன்றில் வெறும் தண்ணீர். கையுறைபோன்ற மைக்ரோஃபைபர் துணியை ஷாம்பு வாளியில் நனைத்து ஒரு பகுதியைக் கழுவியதும், வெறும் தண்ணீர் வாளியில் அலசிய பிறகே மறுபடி ஷாம்பு வாளிக்குள் விட வேண்டும். கூரை முதலில், கதவின் அடிப்பாகம் கடைசியில். சக்கரத்துக்குத் தனித் துணி. அது எக்காரணத்தைக் கொண்டும் மேலே வரக்கூடாது, ஏனென்றால் சக்கரத்தில் ஒட்டியிருப்பது பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் துகள். வட்டமாகத் தேய்க்காமல் நேர்க்கோட்டில் இழுக்க வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பு எண்ணெய்ப் பசையை எடுப்பதற்கென்றே செய்தது. மேலே பூசிய மெழுகையும் அது எடுத்துவிடும் என்பதால் அதைத் தொடுவதில்லை. கழுவி முடித்ததும் தடித்த துண்டை வண்டியின் மேல் விரித்து, ஒற்றி எடுக்கிறோம். துணி தரையில் விழுந்துவிட்டால் அதை அன்றைக்குத் திரும்ப எடுப்பதில்லை. இந்த விதியை ஐயா என்னைவிடக் கறாராகக் கடைப்பிடிக்கிறார்.

சிக்னலில் விற்கும் நூல் குஞ்சத் துடைப்பானைப் பற்றியும் பலர் கேட்டார்கள். உலர்ந்த புழுதியின் மேல் உலர்ந்த எதையும் இழுக்காதீர்கள் என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உடல் முழுவதும் மூடும் கவருக்கும் இது பொருந்தும்: சுத்தமான வண்டியின் மேல், காற்று வீசாத கூரையடியில் போட்டால் நல்லது; புழுதி படிந்த வண்டியின் மேல் போட்டுவிட்டு மொட்டை வெளியில் நிறுத்தினால், காற்றடிக்கும் ஒவ்வொரு முறையும் கவர் வண்டியைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். மழையில் நனைந்த கவரை அப்படியே விட்டுவிட்டு ஊருக்குப் போனவர் ஒருவரின் வெள்ளை வண்டியில், திரும்பி வந்தபோது மேகம் மேகமாகக் கறை படிந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சென்னைவாசிகளுக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு, அது தண்ணீர். எங்கள் வேளச்சேரிப் பக்கத்து போர் தண்ணீர் எவ்வளவு கடினமானது என்பதைக் குளியலறைக் குழாயின் வாயில் படியும் வெள்ளைப் பொருக்கே சொல்லும். அந்தத் தண்ணீர்த் துளி பானெட்டில் காய்ந்தால், தண்ணீர் ஆவியாகி, அதிலிருந்த கால்சியமும் மக்னீசியமும் வட்டத் திட்டுகளாக ஒட்டிக்கொள்கின்றன. அன்றே துடைத்தால் போய்விடும். வெயிலில் சில நாள் விட்டால், வினிகரைத் தண்ணீரில் கலந்து துணியில் நனைத்து ஒற்றி, ஓரிரு நிமிடத்தில் நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டியிருக்கும். அதற்கும் மேல் விட்டால் கிளியர் கோட்டிலேயே சிறு குழியாக அரித்துவிடும். அதன் பிறகு பாலிஷ் தவிர வழியில்லை. ஆகவே கழுவிய வண்டியைக் காற்றில் காயட்டும் என்று விட்டுவிடுவது, கழுவாமல் விடுவதைவிடக் கெடுதல்.

இந்த இடத்தில், நல்லெண்ணத்தால் செய்யும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரை வீணாக்காமல் சேர்த்துவைத்து அதில் வண்டி கழுவுகிறவர்கள் எங்கள் குடியிருப்பில் நான்கைந்து பேர் இருக்கிறார்கள். சிக்கனம் பாராட்டத்தக்கதுதான், ஆனால் குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்த வெளியேறும் தண்ணீரில்தானே இருக்கிறது. போர் தண்ணீரைவிட அது மோசம். அதைக் கழிவறைக்கும் தரை கழுவவும் வைத்துக்கொண்டு, ஏ.சி.யின் வெளிக்குழாயில் சொட்டும் தண்ணீரைப் பிடித்துவைக்கலாம். காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்து சொட்டுவது என்பதால் அதில் உப்பு இருப்பதில்லை. எங்கள் படுக்கையறை ஏ.சி. சென்னை ஈரப்பதத்தில் ஓர் இரவுக்குள் அரை வாளிக்கு மேல் தருகிறது. போர் தண்ணீரில் கழுவிவிட்டு, கடைசியாக இதை மேலிருந்து ஊற்றி அலசினால், திட்டு படியும் பேச்சே இல்லை. இதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். சொன்னவள் என் மனைவி.

பறவை எச்சத்தை மட்டும் உடனே எடுத்துவிட வேண்டும். எச்சத்தின் வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம். அதைவிட முக்கியமானது வெயில்: மே மாத நண்பகலில் கருநிற பானெட் தொட முடியாத அளவுக்குச் சுடும்போது பெயிண்ட் இளகி விரிகிறது, எச்சமோ காய்ந்து கெட்டியாகிறது, மாலையில் குளிர்ந்து சுருங்கும் பெயிண்ட், கெட்டியான அந்த எச்சத்தின் வடிவத்தை அச்செடுத்ததுபோல வாங்கிக்கொள்கிறது. நீங்கள் அதை எடுத்த பிறகும் மங்கலான தழும்பு நிற்பது இதனால்தான். நகத்தால் சுரண்டக் கூடாது. டிக்கியில் ஒரு ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரும் இரண்டு துணிகளும் எப்போதும் வைத்திருக்கிறேன். ஈரத் துணியை எச்சத்தின் மேல் ஐந்து நிமிடம் போட்டு, ஊறியதும் வழித்து எடுத்தால் போதும். ஆனி, ஆடி மாதங்களில் நாவல் மரத்தடியில் நிறுத்துபவர்களுக்கு எச்சமே ஊதா நிறத்தில் வரும். தூங்குமூஞ்சி மரம், மாமரம் ஆகியவற்றின் அடியிலும், நிழல் எவ்வளவு சுகமாக இருந்தாலும், நாள் முழுவதும் நிறுத்துவதில்லை. இலையிலிருந்து தூவும் பிசின்போன்ற ஈரம் கண்ணாடியில் ஒட்டினால் வைப்பரும் வழுக்குவதை நிறுத்திக் கதறத் தொடங்கும்.

டெலிவரி எடுத்த அன்றைக்கே பல்லவன் சாலையில் இருக்கும் பாடிகார்டு முனீஸ்வரர் கோவிலில் பூசை போட்டோம். சென்னையில் புது வண்டி எடுத்தவர்களில் பலரும் முதலில் போய் நிற்கும் இடம் அது. பூசாரி பானெட்டின் நடுவில் மூன்று விரலால் சந்தனம் இழுத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார். நான்கு எலுமிச்சம் பழங்களின் மேல் வண்டி ஏறியது. அந்தச் சந்தனத்தை எடுக்க மனம் வராமல் ஒன்பது நாள் விட்டுவைத்தேன். பத்தாம் நாள் அதை உலர்ந்த துணியால் தேய்த்து எடுத்ததில், இன்றைக்கும் சாய்ந்து பார்த்தால் அந்த மூன்று விரல் அகலம் தெரியும். அன்று மாலையே தண்ணீர் விட்டு ஊறவைத்துக் கழுவியிருந்தால் முனீஸ்வரர் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார். ஆயுத பூசைக்கு வாழைக் கன்றையும் மாலையையும் பெயிண்டின் மேல் செல்லோ டேப்பால் ஒட்டாமல், வைப்பரிலும் கண்ணாடிக் காதிலும் நூலால் கட்டிக்கொள்வது நல்லது.

இனி ஷோரூம் பட்டியல். எனக்குக் கொடுத்ததில் டெஃப்லான் கோட்டிங், அடிப்பாகத் துருத்தடுப்பு, உள்பகுதிக்குக் கிருமிநாசினிப் பூச்சு என்று மூன்றும் சேர்த்து ஒரு நல்ல மொபைல் விலைக்கு வந்தது. விற்பனைப் பையன் நல்லவன். "எல்லா கஸ்டமரும் போட்டுக்கறாங்க சார்" என்பதற்கு மேல் அவனுக்கும் விளக்கம் தெரியவில்லை. டெஃப்லான் என்பது 1938இல் டூபாண்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டறிந்த பாலிமர். அது உருகுவது 327 டிகிரியில். தோசைக்கல்லில் அது ஒட்டி நிற்பதற்குக் காரணம், தொழிற்சாலையில் அந்தச் சூட்டுக்கும் மேல் வைத்து இறுக்குவதுதான். 140 டிகிரியில் சுட்ட கார் பெயிண்டின் மேல் அப்படி எதையும் செய்ய முடியாது. பஞ்சு வைத்துத் தேய்க்கும் அந்தப் பசையில் டெஃப்லான் துகள் இருக்கலாம். ஆனால் அது பெயிண்டைப் பிடித்துக்கொள்ள வழியில்லை. நீங்கள் வாங்குவது பெயர் சூட்டப்பட்ட ஒரு மெழுகுப் பாலிஷ். சில கழுவல்களில் போய்விடும். போதாக்குறைக்கு, அதைப் போடுபவர் அவசரத்தில் இயந்திரப் பாலிஷ் ஒன்றையும் போட்டுத் தள்ளிவிட்டால், வீட்டுக்கு வரும் முன்பே கிளியர் கோட்டில் ஓரிரு மைக்ரான் போயிருக்கும். புது வண்டி எடுக்கப்போகும் எல்லோரிடமும் நான் கேட்டுக்கொள்வது, டெலிவரிக்கு முன் வண்டியைக் கழுவவோ பாலிஷ் போடவோ வேண்டாம், புழுதியோடு கொடுங்கள் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

செராமிக் கோட்டிங் அப்படிப்பட்ட ஏமாற்று அல்ல. சிலிக்கா அடிப்படையிலான திரவம், பெயிண்டோடு பிணைந்து, ஒரு மைக்ரான் அளவுக்கு இறுகிய படலமாக நிற்கிறது. தண்ணீர் அதன் மேல் தாமரை இலையில் உருள்வதுபோல உருண்டோடும். அழுக்கு ஒட்டுவது குறையும். கழுவுவது பாதி நேரத்தில் முடியும். நல்லதுதான். ஆனால் "9எச் கடினத்தன்மை" என்று சுவரொட்டியில் போடுகிறார்களே, அந்த எச் பென்சிலுக்கு உரியது. 9எச் என்று குறியிட்ட பென்சிலால் குறிப்பிட்ட அழுத்தத்தில் இழுத்தால் கீறல் விழவில்லை என்பதே அதன் பொருள். மணலோ, பூனை நகமோ, பக்கத்து வீட்டுப் பையனின் சைக்கிள் ஹேண்டில் பாரோ பென்சில் அல்ல. மேலும், பூசுவதற்கு முன் பெயிண்டைச் சீர்செய்ய வேண்டும்; அதைச் செய்யாமல், ஏற்கெனவே கீறல் உள்ள வண்டியில் கீறலோடு சேர்த்துப் பூட்டிவிடும் கடைகளும் உண்டு. பூசி ஒரு நாளாவது தண்ணீர் படாமல், ஒரு வாரமாவது கழுவாமல் வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மூடிய இடம் இல்லாதவர்கள் இதில் இறங்காமல் இருப்பது நல்லது.

கல்லடிக்கு உண்மையில் மறுமொழி சொல்வது பி.பி.எஃப். எனப்படும் பாலியூரித்தேன் படலம் ஒன்றுதான். வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலிலிருந்து காக்க உருவாக்கப்பட்ட பொருளின் வழித்தோன்றல் அது. 150 முதல் 200 மைக்ரான், அதாவது வண்டியின் முழுப் பெயிண்டைவிடவும் தடிமன். சின்னக் கீறல்கள் வெயில் சூட்டில் தாமே மறைந்துவிடும். முழு வண்டிக்கும் ஒட்ட லட்சத்தைத் தொடும் என்பதால் அந்த எண்ணத்தை விட்டுவிட்டு, முன் பம்பருக்கும் பானெட்டின் முன் விளிம்புக்கும் கதவுக் கைப்பிடிக் குழிகளுக்கும் மட்டும் ஒட்டிக்கொண்டேன். கைப்பிடிக் குழியைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார்கள். மோதிரம் போட்ட விரல் ஓராண்டில் அங்கே செய்யும் வேலையைப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். ஒட்டும்போது, டி.பி.யு. எனப்படும் பாலியூரித்தேன் படலமா, மலிவான பி.வி.சி. படலமா என்பதைக் கேட்டு ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பி.வி.சி. நம் வெயிலில் மஞ்சளாகி, எடுக்கும்போது பெயிண்டையும் உரிக்கும். அடிப்பாகத் துருத்தடுப்பைப் பொறுத்தவரை, தொழிற்சாலையிலேயே பூச்சு உண்டு. கடற்கரைக்கு அருகே குடியிருந்தால் கூடுதலாக ஒன்று போட்டுக்கொள்ளலாம், ஆனால் கதவின் அடியிலும் தளத்திலும் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகளை அந்தத் தார்போன்ற பொருளால் அடைத்துவிடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள்.

உள்ளே வருவோம். இருக்கைகளின் மேல் கம்பெனி போட்டு அனுப்பும் பாலிதீன் உறையை ஆறு மாதம் கழற்றாமல் ஓட்டுவது நம் ஊர் வழக்கம். வியர்வையும் ஏ.சி. ஈரமும் அதற்கும் துணிக்கும் இடையில் சிக்கிப் பூஞ்சை பிடிப்பதற்கு வேறு ஏற்பாடே வேண்டாம். முதல் நாளே கழற்றிவிட்டு, முதல் சில வாரங்கள் வண்டியில் ஏறியதும் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சற்று ஓட்டுங்கள். "புது வண்டி வாசம்" என்று நாம் ஆசையாக இழுத்து மூச்சு விடுவது, பிளாஸ்டிக்கும் பசையும் சூட்டில் வெளியேற்றும் ஆவி. முன் கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப் புகைபோலப் படிவதும் அதுவே. சீட் கவர் போடுவதானால், இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கிறதா என்று பார்த்து, அந்த இடத்தில் பிரியும் தையல் உள்ளதை மட்டும் போட வேண்டும்.

எங்கள் வண்டியின் இருக்கைத் துணி வெளிர் சந்தன நிறம். தேர்ந்தெடுத்தபோதே அம்மா எச்சரித்தார். வாங்கி இரண்டு மாதத்தில், செங்கல்பட்டு தாண்டி, பார்சல் சாம்பார்ப் பொட்டலம் பின்னிருக்கையில் பிரிந்தது. வீட்டுக்கு வந்து துணி துவைக்கும் சோப்பை எடுத்துத் தேய்த்தேன். மஞ்சள் கறை என் கண் முன்னாலேயே ரத்தச் சிவப்பானது. ஒரு கணம் ஆடிப்போய்விட்டேன். பிறகுதான் நினைவுக்கு வந்தது: மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தித் தண்ணீர் சிவப்பது ஏனோ, அதே காரணம்தான். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும், சோப்பு காரம். தண்ணீரும் துளி வினிகரும் விட்டு ஒற்றியதும் நிறம் மஞ்சளுக்குத் திரும்பியது. மிச்சத்தை எடுத்தது வெயில். குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும் தன்மை உடையது; பின்கதவைத் திறந்துவைத்து மூன்று நாள் காலை வெயில் காட்டியதில், இப்போது கறை இருந்த இடத்தை நான் காட்டினால்தான் உங்களுக்குத் தெரியும். பால் சிந்தினால் வெயிலை நம்பக் கூடாது. குளிர்ந்த தண்ணீரை ஊற்றி உடனே உறிஞ்சி எடுக்காவிட்டால் அந்த நாற்றம் மாதக்கணக்கில் போகாது. தலைச் சாய்மானத்தில் தேங்காய் எண்ணெய் படிவதற்கு நான் கண்ட ஒரே தீர்வு, வாரம் ஒரு முறை மாற்றும் கைத்துண்டு. பார்ப்பதற்கு அரசு வாகனம்போல இருக்கிறது என்று மகள் கேலி செய்கிறாள்.

டாஷ்போர்டுக்குப் பளபளப்பு ஸ்பிரே வேண்டாம். சிலிக்கோன் எண்ணெய் பிசுபிசுத்துப் புழுதியைப் பிடிப்பதோடு, நண்பகலில் அதன் மினுமினுப்பு முன் கண்ணாடியில் பிரதிபலித்து எதிரே வருவதை மறைக்கிறது. ஸ்டியரிங்கிலும் பெடலிலும் பட்டால் வழுக்கும். ஈரமாகப் பிழிந்த துணி போதும். வெயிலுக்கு முன் கண்ணாடியில் விரிக்கும் மடக்குத் திரையைவிடச் சிறந்த செலவு வேறில்லை. கண்ணாடிக்குப் படலம் ஒட்டுவதானால், 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கறுப்புப் படலத்துக்குத் தடை விதித்ததையும், முன் பின் கண்ணாடிகளில் 70 விழுக்காடும் பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்று மோட்டார் வாகன விதி சொல்வதையும் மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கடைக்காரர் "எல்லோரும் ஒட்டுகிறார்கள்" என்பார்.

மேட் விஷயத்தில் ஒன்று மட்டும். தளம் முழுவதையும் மூடித் தைத்த பஞ்சு மேட்டை, 7டி என்று ஏதோ பெயர் சொன்னார்கள், நண்பர் ஒருவர் போட்டார். அடுத்த டிசம்பர் மழையில் கதவு வழியே புகுந்த தண்ணீர் அதன் அடியில் தங்கியது. பொங்கலுக்கு வண்டிக்குள் காளான் வாசம். தூக்கி உதற முடிகிற ரப்பர் மேட் அழகில்லைதான். ஆனால் தூக்கி உதற முடியும். ஓட்டுநர் பக்கத்து மேட்டைக் கொக்கியில் மாட்டுங்கள், ஒன்றின் மேல் ஒன்றாகப் போடாதீர்கள். ஆக்சிலரேட்டருக்கு அடியில் சுருண்டால் பெயிண்டைப் பற்றிக் கவலைப்பட நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

பானெட்டில் விழுந்த அந்தச் சிலந்தி வலைக்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவி வைத்திருக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். நடுவில் 104 மைக்ரான், ஓரத்தில் 96. இயந்திரப் பாலிஷ் போட்டால் கீறல் முழுதும் போய்விடும், இரண்டு மூன்று மைக்ரான் குறையும், இப்படி ஆயுளில் சில முறைதான் செய்ய முடியும் என்று ஒளிக்காமல் சொன்னார். யோசித்துவிட்டு வேண்டாம் என்று திரும்பி வந்தேன். முதல் பாலிஷை, உண்மையிலேயே பெரிய கீறல் ஒன்று விழும் நாளுக்கென்று வைத்திருக்கிறேன். மாதம் ஒரு முறை இரவில் மொபைல் டார்ச்சை அடித்துப் பார்க்கிறேன். கோடுகள் அப்படியே இருக்கின்றன, கூடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கழுவி முடித்துத் துண்டுகளைக் கொடியில் போடும்போது ஐயா, இந்தத் துணி எந்தக் கடையில், என்ன விலை என்று கேட்டார். மூன்றாவது மாடிக்காரர் கறுப்பு வண்டி புக் செய்திருக்கிறாராம். வருவதற்குள் இரண்டாவது வாளிக்கும் அவரிடம் சொல்லிவைக்க வேண்டும் என்றார்.